தாடை வலியும் பல் கடித்தலும்: நைட் கார்டா, பயிற்சியா, ஊசியா, முதலில் எதைத் தேர்வது?

காலையில் கண் விழிக்கும்போதே தாடை கனத்துக் கிடக்கிறது. நெற்றிப்பொட்டில் மந்தமான வலி இருக்கிறது. இரவெல்லாம் பல்லை நறநறவென்று கடித்ததாகப் பக்கத்தில் படுத்திருந்தவர் சொல்கிறார். இந்த நிலையில் பல் மருத்துவரிடம் போனால், இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு செய்துகொள்ளும்படி அறிவுரை கிடைக்கிறது. இணையத்தில் தேடினால் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியின் விளம்பரம் முன்னால் வந்து நிற்கிறது. உடன் பணிபுரிபவர் பிசியோதெரபியைப் பரிந்துரைக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து சாப்பிடச் சொல்கிறார்கள். எல்லாம் டென்ஷன்தான், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. இவற்றில் எதற்கு முதலில் பணத்தையும் நேரத்தையும் செலவிடுவது என்பதே கேள்வி. பல் தேய்வதைத் தடுப்பது, தசையின் வலியைக் குறைப்பது, கடிக்கும் பழக்கத்தையே தளர்த்துவது ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள் என்பதும், மேலே சொன்ன வழிகளில் ஒன்றுகூட மூன்றையும் ஒருசேரச் செய்வதில்லை என்பதும் தெரிந்துவிட்டால், தேர்வு பெருமளவு எளிதாகிவிடும்.

மன அழுத்தம் தாடையை எப்படி வந்தடைகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் தேர்வு முழுவதும் அதைப் பொறுத்தே அமைகிறது. வாய் ஓய்வாக இருக்கும்போது மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை சந்திக்கின்றன. ஒரு நாளின் சந்திப்புகளையெல்லாம் கூட்டினாலும் சுமார் 20 நிமிடத்தைத் தாண்டாது என்பது பல் மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மனம் இறுகும்போது தோளும் கழுத்தும் இறுகுவதைப் போலவே தாடைத் தசைகளும் இறுகுகின்றன. கன்னத்தில் தடித்திருக்கும் மாசெட்டர் தசையும், நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்திருக்கும் டெம்பொராலிஸ் தசையும் மணிக்கணக்கில் தளராமல் நின்றால், வலி தாடையில் மட்டும் தங்காமல் தலைவலியாகவும் காதுவலியாகவும் உருமாறி வருகிறது. காது மருத்துவரிடம் போய், காதில் எந்தக் கோளாறும் இல்லை என்று திரும்பி வருபவர்களில் சிலருக்கு உண்மையான சிக்கல் இந்தத் தசைகளில்தான் இருக்கிறது.

ஆனால் பகலில் கடிப்பதையும் இரவில் கடிப்பதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. 2013இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த வரையறையும், 2018இல் அவர்கள் அதைத் திருத்தி வெளியிட்டதும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைக்கின்றன. கணினித் திரையை வெறித்துக்கொண்டிருக்கையிலும், போக்குவரத்து நெரிசலில் வண்டி ஓட்டுகையிலும், மேலதிகாரியின் அழைப்புக்காகக் காத்திருக்கையிலும் பற்களை இறுக்கிக்கொள்வது பகல் பழக்கம். இதில் பெரும்பாலும் சத்தமே வராது, கடிப்பவருக்கே தெரிவதில்லை. மன அழுத்தத்தோடும் பதற்றத்தோடும் இதற்குள்ள தொடர்பு வலுவானது. இரவில் கடிப்பதோ பெரும்பாலும் ஆழமற்ற தூக்கத்தில், நாம் உணராத சிறுசிறு விழிப்புகளோடு சேர்ந்து நிகழ்கிறது: முதலில் நரம்பு மண்டலம் கிளர்கிறது, மூளை அலைகள் மாறுகின்றன, இதயத் துடிப்பு வேகமெடுக்கிறது, அடுத்த கணத்தில் தாடைத் தசை தாளகதியில் இயங்கத் தொடங்குகிறது. மன அழுத்தம் தூக்கத்தைக் கலைப்பதன் வழியாக இதைக் கூட்டலாம். ஆயினும் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் கருவிகளால் அளந்து பார்த்த ஆய்வுகளில், இரவுக் கடிப்புக்கும் மன அழுத்தத்துக்கும் இடையிலான தொடர்பு மக்கள் நினைக்கும் அளவுக்கு வலுவாகத் தென்படவில்லை. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இரவிலும், 22 முதல் 31 சதவீதத்தினர் பகலிலும் பற்களைக் கடிக்கிறார்கள். சத்தம் போடும் இரவுக் கடிப்பே எல்லோருடைய கவனத்தையும் ஈர்க்கிறது. சத்தமில்லாத பகல் கடிப்போ அதைவிடப் பரவலானது, அழுத்தத்தோடு நெருக்கமானது, மாற்றுவதற்கும் எளிதானது.

கொரோனா காலம் இந்தத் தொடர்பை எல்லோர் கண்ணுக்கும் காட்டியது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2021 தொடக்கத்தில் தன் உறுப்பினர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், பெருந்தொற்றுக்கு முன்பிருந்ததைவிடப் பல் கடிப்பு நோயாளிகள் கூடியிருப்பதாக 71 சதவீதத்தினர் தெரிவித்தார்கள். விரிசல் விட்ட பற்களும் தாடை மூட்டு வலியும் கூடியிருப்பதாகவும் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. எல்லாத் தாடை வலியையும் மன அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது ஆபத்தானது. தன் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறைந்து, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால், அவர் பாக்கோ குட்காவோ மெல்லும் வழக்கம் உள்ளவராக இருந்தால், அது வாயின் உட்சவ்வு நாராக இறுகும் நோயாக இருக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடிய அந்த நிலையை டென்ஷன் என்று தள்ளிப்போடக் கூடாது. முளைக்க இடமில்லாத ஞானப்பல், சீழ் கட்டிய பல், மின்னலடிப்பதுபோல் வெட்டியிழுக்கும் நரம்பு வலி ஆகியவற்றுக்கு வேறு மருத்துவம் உண்டு. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலியும், மெல்லும்போது தாடை வலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உழைக்கும்போதோ நடக்கும்போதோ கீழ்த்தாடையில் வலி தோன்றி, நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அது இதயத்தின் அழைப்பாக இருக்கக்கூடும். அங்கே பல் மருத்துவரைத் தேடி நேரத்தை இழக்கக் கூடாது.

இன்னும் இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபுளூவாக்ஸ்டீன், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குப் பல் கடிப்பு புதிதாக வருவதுண்டு. அப்படியானால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவை மாற்றவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவரால் முடியும். பலத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திணறுதல், எவ்வளவு தூங்கினாலும் பகலில் அயர்ச்சி என்று இருந்தால், தூக்கத்தில் மூச்சடைப்பு நோய் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது, காசு செலவில்லாத சுயபராமரிப்பு. செலவில்லை என்பதாலேயே இதை மக்கள் மருத்துவமாக மதிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் பகலில் கடிப்பவர்களுக்கு இதற்கு நிகரான வேறொன்று இல்லை. 'ம்' என்று மெல்லச் சொல்லிப் பார்த்தால் உதடுகள் சேர்ந்தும் பற்கள் விலகியும் நிற்பதை உணரலாம். 'ன' என்று ஒலிக்கும்போது நாக்கின் நுனி தொடும் இடத்தில் அதை இளைப்பாற விடலாம். அதுதான் தாடையின் ஓய்வு நிலை. கைபேசியில் மணிக்கொரு முறை ஓசையெழுப்ப வைத்தோ, கணினித் திரையின் ஓரத்தில் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டியோ, கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்து விலக்க வேண்டும். முதல் சில நாட்களில், எத்தனை முறை இறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று கண்டு பலர் அதிர்ச்சியடைவார்கள். அந்தக் கண்டுபிடிப்பே சிகிச்சையின் பாதி. எந்தச் சூழலில் இறுகுகிறது என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தால், அழுத்தத்தின் ஊற்று எங்கே என்பதும் தெரியவரும்: வீட்டுக் கடன் தவணை நாளா, வாராந்தர ஆய்வுக் கூட்டமா, பிள்ளையின் தேர்வுக் காலமா என்று.

இதோடு, வலி மிகுந்த நாட்களில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் 15, 20 நிமிடம் வைப்பது, முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங் கம் ஆகியவற்றைத் தள்ளிவைத்து இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் என்று மென்மையாகச் சாப்பிடுவது, கொட்டாவி விடும்போது மோவாயைக் கையால் தாங்குவது, குப்புறப் படுக்காமல் இருப்பது, மாலைக்குப் பின் காப்பியைத் தவிர்ப்பது, மதுவையும் புகையையும் விடுவது ஆகியவை சேர வேண்டும். மதுவும் புகையும் இரவுக் கடிப்போடு தொடர்புடையவை என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அன்றைய அலைச்சலைத் தணிக்க இரவில் ஒரு கோப்பை என்று தொடங்குபவர்கள் தங்கள் தாடைக்கு எதிர்மாறான காரியத்தைச் செய்துகொள்கிறார்கள். இந்த வழியின் குறை, பொறுமை தேவைப்படுவது. நான்கிலிருந்து ஆறு வாரமாவது தொடர்ந்து செய்ய வேண்டும். உறங்கும்போது நினைவூட்டல் பயன்படாது என்பதால், இரவில் மட்டும் கடிப்பவருக்கு இதன் பலன் குறைவு.

இரண்டாவது, நைட் கார்டு. இங்கேதான் எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடைவெளி மிக அதிகம். நைட் கார்டு போட்டால் கடிப்பது நின்றுவிடும் என்று நம்பியே பெரும்பாலோர் அதை வாங்குகிறார்கள். அது நிற்பதில்லை. சிலருக்கு முதல் சில வாரங்கள் தசை இயக்கம் குறைந்தாலும், பின்னர் பழையபடி திரும்பிவிடுகிறது. கார்டு செய்யும் உறுதியான வேலை ஒன்றுதான்: பல்லுக்குப் பதில் தான் தேய்கிறது. எனாமல் ஒருமுறை தேய்ந்துபோனால் மீண்டும் வளராது என்பதால் அந்த வேலை சிறியதன்று. பற்களின் முனை தட்டையாகிவிட்டவர், குளிர்ந்த நீர் பட்டால் கூசுபவர், நிரப்பிய சிமென்ட் அடிக்கடி உடைபவர், பல்லின் மேல் ஒட்டும் செராமிக் கிரவுனோ எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்பிளாண்டோ வைத்திருப்பவர் ஆகியோருக்கு நைட் கார்டு நல்ல முதலீடு. வேர் சிகிச்சை செய்து கிரவுன் போட்ட பல் பிளந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஆய்வகத்தில் செய்யப்படும் கார்டின் சில ஆயிரம் ரூபாய் பெரிதில்லை.

எந்தக் கார்டு என்பதும் முக்கியம். வாயின் அச்செடுத்து, கடினமான அக்ரிலிக்கில், ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடும்படி செய்து, மருத்துவர் கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தைச் சரிபார்த்துப் பொருத்துவதே நம்பத்தக்கது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் மென்மையான கார்டு, ஓரிரு வாரத்துக்கு அவசர உதவியாக இருக்கலாம். ஆனால் மென்மையான பொருளைச் சிலர் சூயிங் கம் போல மென்றுகொண்டே இருப்பார்கள். 1987இல் 10 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், கடினக் கார்டு 8 பேருக்கு இரவுத் தசை இயக்கத்தைக் குறைத்தது, மென்மையான கார்டு 5 பேருக்கு அதைக் கூட்டியது. ஆய்வு சிறிதே ஆனாலும் மருத்துவர்களின் அன்றாட அனுபவம் அதனோடு ஒத்துப்போகிறது. முன்பற்களை மட்டும் மூடும் சிறு கார்டுகளை மேற்பார்வையின்றி மாதக்கணக்கில் அணிந்தால், மூடப்படாத பற்கள் மெல்ல இடம்பெயர்ந்து கடியே மாறிவிடக்கூடும். மூச்சடைப்பு நோய் உள்ள சிலருக்கு மேல்தாடைக் கார்டு அந்த நோயைக் கூட்டக்கூடும் என்றும் கண்டறியப்பட்டிருக்கிறது. குறட்டையை முதலில் கவனிக்கச் சொன்னது அதனால்தான். கார்டை வெந்நீரில் கழுவக் கூடாது, வெயிலில் நிறுத்திய காருக்குள் விடவும் கூடாது, உருக்குலைந்துவிடும்.

வலிக்காக மட்டும் கார்டு வாங்கலாமா என்ற கேள்விக்கு 2023 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியான பன்னாட்டுக் குழுவின் வழிகாட்டுதல் தெளிவான விடை தருகிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கான பலவகைச் சிகிச்சைகளை ஒப்பிட்ட அந்தக் குழு, அறிதல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு வழிச் சிகிச்சை), சிகிச்சையாளர் கையால் தாடையை இயக்கிவிடுதல், தசை முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துதல், மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சியும் உடல் நிலைப் பயிற்சியும், வீட்டுப் பயிற்சியோடு கூடிய விளக்கமும் தைரியமும் ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது. கழற்றி மாட்டும் கார்டையும் போடாக்ஸ் ஊசியையும் வலிக்கான மருத்துவமாகப் பொதுவில் பரிந்துரைக்கவில்லை. அவற்றுக்கு எதிராகவே, ஆனால் நிபந்தனையுடன், கருத்துச் சொன்னது. பல்லைக் காப்பதற்குக் கார்டு வேண்டாம் என்று அது சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே வலியே முதன்மைத் தொல்லை என்றால், என் தேர்வு பிசியோதெரபிதான். தாடை மூட்டில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை என்பது உண்மை. கழுத்து, தோள் வலிக்குச் சிகிச்சை தருபவரிடம் தாடை குறித்தும் பயிற்சி உண்டா என்று கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மடிக்கணினியில் நாள் முழுவதும் தலையை முன்னால் நீட்டி உட்காருபவருக்குக் கழுத்தைச் சரிசெய்யாமல் தாடையை மட்டும் சரிசெய்வது கடினம் என்பதால், இரண்டையும் ஒருவரே பார்ப்பது நல்லதுதான். சில அமர்வுகளில் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வீட்டில் தொடரலாம். வீட்டில் செய்யாமல் அமர்வுக்கு மட்டும் போய்வந்தால் பணம் செலவாகும், பலன் தங்காது.

அறிதல் நடத்தைச் சிகிச்சை என்றதும், நான் என்ன மனநோயாளியா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வலியைக் கற்பனை என்று சொல்லும் மருத்துவம் அன்று. வலியைக் கண்டு அஞ்சுவதால் தசை மேலும் இறுகுவது, அந்த இறுக்கம் வலியை வளர்ப்பது, வலி தூக்கத்தைக் கெடுப்பது என்ற சுழற்சியை எங்கே அறுக்கலாம் என்று சொல்லித் தரும் பயிற்சி அது. தூக்கமின்மையும் பதற்றமும் தாடை வலியோடு சேர்ந்திருப்பவருக்கு இதுவே முதலில் வர வேண்டும். தனியார் ஆலோசனைக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசித் தொடங்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் இருக்கின்றன.

போடாக்ஸ் ஊசி மாசெட்டர் தசையின் வலிமையைக் குறைக்கிறது. தூக்க ஆய்வுகளின்படி, கடிப்பின் விசை குறைகிறதே தவிர எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. பலன் மூன்று நான்கு மாதம் நீடிக்கும். பிறகு மறுபடி செலவு. மெல்லும் வலு குறைதல், சிரிப்பு ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை நேரலாம். திரும்பத் திரும்பப் போடும்போது தாடை எலும்பின் அடர்த்தி என்னவாகும் என்ற கவலையை விலங்காய்வுகள் எழுப்பியிருக்கின்றன. முகத்தை ஒல்லியாக்கும் ஆசையையும் பல் கடிப்பு மருத்துவத்தையும் ஒன்றாகக் கலந்து விற்கும் விளம்பரங்கள் எனக்குப் பெரும் கவலை தருகின்றன. மற்ற வழிகளை ஒழுங்காகச் செய்தும் பற்கள் உடையும் அளவுக்குக் கடுமையாகக் கடிப்பவருக்கு, அனுபவமுள்ள மருத்துவரின் கையில் இது ஒரு வழி. முதல் வழியாக யாருக்கும் இல்லை. மாத்திரைகளைப் பொறுத்தவரை, வலி மிகுந்த சில நாட்களுக்கு இபுப்ரோஃபென் போன்றவை உதவலாம், வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். குளோனாசெபாம் போன்ற தூக்க மருந்துகள் பழக்க அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடக்கூடியவை.

திரும்பப்பெற முடியாத சிகிச்சைகளைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. கடி சரியில்லை என்று சொல்லி நல்ல பற்களை ராவுவது, பல் கடிப்பை நிறுத்துவதற்காகவே வாய் முழுவதும் கிரவுன் போடுவது, அதே காரணத்துக்காகக் கம்பி கட்டுவது, மூட்டில் அறுவைக்கு அவசரப்படுவது ஆகியவற்றுக்கு முன்னால் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கட்டாயம் கேளுங்கள். அமெரிக்க அரசின் தேசியப் பல், முக ஆய்வு நிறுவனமும், பற்களையும் கடியையும் மூட்டையும் நிரந்தரமாக மாற்றும் சிகிச்சைகளைத் தவிர்க்கும்படியே மக்களுக்குச் சொல்கிறது. மேற்சொன்ன 2023 வழிகாட்டுதல், கடியை நிரந்தரமாக மாற்றும் கார்டுகளையும் மூட்டின் தட்டை அகற்றும் அறுவையையும் வலுவாக எதிர்க்கிறது.

ஒருவர் எப்படி முடிவெடுப்பது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். வலி மாலையில் மிகுந்து காலையில் குறைவாக இருந்தால் பகல் கடிப்பின் வாய்ப்பு அதிகம். சுயபராமரிப்பில் தொடங்கி, ஆறு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிக்குப் போகலாம். காலையில் மிகுந்து நண்பகலுக்குள் தளர்ந்தால், பக்கத்தில் படுப்பவரும் சத்தம் கேட்டால், பற்களில் தேய்மானம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டி, இருந்தால் கடின அக்ரிலிக் கார்டு, அதோடு தூக்கத்தைச் சீர்செய்யும் முயற்சி. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினால் செலவு பெரிதும் குறையும். இரவுப் பணி மாறி மாறி வருபவர்கள் கார்டை மட்டும் நம்பி, தூக்க நேரத்தைக் கவனிக்காமல் விட்டால், பல் தப்பும், வலி தொடரும். வலி இல்லை, தேய்மானம் இல்லை, சத்தம் மட்டும் என்றால் சிகிச்சையே தேவைப்படாமல் இருக்கலாம்; 2018 திருத்தமும், ஆரோக்கியமானவரிடம் பல் கடிப்பை ஒரு நோயாகக் கருத வேண்டியதில்லை என்றே சொல்கிறது.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உறக்கத்தில் பல் நறநறப்பது சிறுவயதில் மிகச் சாதாரணம், வளர வளரப் பெரும்பாலும் தானே குறையும். பூச்சியால்தான் பல் கடிக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைக் குடலுக்காகக் கொடுங்கள், பல்லுக்காக எதிர்பார்க்காதீர்கள். பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் வயதில் கடினக் கார்டு பொதுவாகச் செய்வதில்லை, ஏனெனில் தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது. குழந்தை வாயைத் திறந்தபடி தூங்குகிறதா, குறட்டை விடுகிறதா என்று மட்டும் சில இரவுகள் பாருங்கள். அப்படி இருந்தால் டான்சில், அடினாய்டு வீக்கத்துக்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமே முதலில் காட்ட வேண்டும்.